கல்லூரியில் உங்கள் கதையைச் சொல்லப் போகிறீர்களா? முதல்முறை சொல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க." உதவித்தொகை விண்ணப்பத்தில் கேட்பார்கள். முதலாண்டு எழுத்து வகுப்பில் கேட்பார்கள். ஆண்டு மலருக்கும், கல்லூரியின் அறிமுகக் காணொளிக்கும், எல்லோருக்கும் இங்கே இடமுண்டு என்று காட்டுவதற்காக நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும் கேட்பார்கள். குடும்பத்திலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குள் கால்வைத்தவர், மாற்றுத்திறனாளி, வேறொரு மொழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர், அகதியாக வந்தவர், திருநர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு நாற்பது வயதில் படிக்க வந்தவர் ஆகியோரிடம் இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அடிக்கடி வந்து நிற்கும்.

சொல்லலாமா, வேண்டாமா, சொன்னால் எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பகுதி மாணவர்களுக்கானது. கடைசிப் பகுதிகள் கதை கேட்கும் ஆசிரியர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்.

சொல்வதால் பலன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நிகோல் ஸ்டீஃபன்ஸ், மரியம் ஹமெதானி, மெஸ்மின் டெஸ்டின் மூவரும் செய்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, மூத்த மாணவர்கள் சிலரைப் பேசவைத்தார்கள். ஒரு குழுவிடம் மூத்தவர்கள் பொதுவான அறிவுரையாகச் சொன்னார்கள்: ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், ஆலோசகரிடம் கேளுங்கள் என்பதுபோல. மற்றக் குழுவிடம் அதே ஆட்கள், அதே மாதிரி அறிவுரையைத் தங்கள் பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள்: என் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, எந்தப் பாடத்தை எடுப்பது என்று கேட்க ஆளில்லை, அதனால் நான் ஆலோசகரைத் தேடிப்போக வேண்டியிருந்தது என்று. முதலாண்டு முடிவில் பார்த்தால், முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி இரண்டாவது குழுவில் 63 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குழுவின் முதல் தலைமுறை மாணவர்கள் தயங்காமல் போய் உதவி கேட்டதுதான் முக்கியக் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மூத்தவர்கள் கண்ணீர் வரவழைக்கும் கதை எதையும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தேன், அதனால் இங்கே எது இடித்தது, என்ன செய்தேன் என்ற மூன்றைத்தான் சொன்னார்கள். உங்களுக்கும் அது போதும்.

முதலில்: யார் கேட்கிறார்கள், எதற்கு?

சம்மதம் சொல்வதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதை யார் படிப்பார்கள் அல்லது கேட்பார்கள்? பதிவு செய்வீர்களா? எங்கே வைப்பீர்கள், எவ்வளவு காலம்? மதிப்பெண் உண்டா? நான் வேண்டாம் என்றால் ஏதாவது இழப்பேனா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாதவர், உங்கள் கதையை வாங்கிக்கொள்ள இன்னும் தயாராகவில்லை என்று பொருள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்றை இந்த இடத்திலேயே பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், சைகை மொழிபெயர்ப்பாளர், சக்கர நாற்காலி போகும் அறை, பெரிய எழுத்தில் வினாத்தாள் போன்ற வசதிகளைப் பெற உங்கள் வாழ்க்கைக் கதை தேவையில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, உயர்கல்வியிலும் பாகுபாடு கூடாது, தேவைக்கேற்ற ஏற்பாடுகள் செய்து தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. உரிமை என்பது உருக்கமாகப் பேசுபவருக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவமும் சான்றிதழும் கேட்டால் அதைக் கொடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆர்வத்தில் "எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு" என்று கேட்டால், "எனக்கு என்ன ஏற்பாடு வேணும்னு இதுல எழுதியிருக்கேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அது உங்களுக்கு நன்றாக வரும்வரை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதிரில் ஒரு மேசையும் அதிகாரமும் இருக்கும்போது நினைத்த வாக்கியம் எளிதில் வாயில் வராது.

பிறகு: எது வெளியே, எது உள்ளே?

ஒரு தாளை எடுங்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்து கதையாகச் சொல்லக்கூடியவை என்று தோன்றுவதையெல்லாம் ஒரு வரி ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறி போடுங்கள்: யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன், நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் சொல்வேன், இப்போதைக்கு யாருக்கும் சொல்லமாட்டேன். மூன்றாவது குறி அதிகமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அது கோழைத்தனம் அல்ல. மேடைக்கு எடுத்துப்போவது முதல் குறி போட்டதை மட்டுமே. இதுவரை ஒரு மனிதரிடம்கூடச் சொல்லாத ஒன்றை, முதன்முதலாக ஐம்பது பேருக்கு முன்னால் சொல்ல வேண்டாம். முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எழுதினால் மனபாரம் குறையும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான் நம் காதுக்கு வருகிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதவைத்தார். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. அந்த எழுத்து யாருக்கும் படித்துக்காட்டுவதற்காக எழுதப்பட்டதும் அல்ல. தனக்காக எழுதுவது ஒரு வேலை, பிறருக்காகச் சொல்வது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு, அப்படியே அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடாதீர்கள். தனக்கு எழுதியதை மூடிவைத்துவிட்டு, பிறருக்கானதைப் புதிதாகத் தொடங்குங்கள்.

உங்கள் கதையில் மற்றவர்களும் இருப்பார்கள். அப்பாவின் குடி, அக்காவின் மணமுறிவு, நண்பனின் நோய். அவை உங்களைத் தொட்டவைதான், ஆனாலும் அவர்களுடையவையும்கூட. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்க முடியாது என்றால் அந்த ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இல்லாததிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் இல்லை, கேட்கும் திறன் இல்லை, வழிகாட்ட ஆளில்லை, மொழி சரளமில்லை. நிறுவனங்களும் இதைத்தான் எதிர்பார்க்கின்றன, படிவங்களும் இதைத்தான் கேட்கின்றன. இந்தப் பழக்கத்தை உடைக்க நல்லதொரு கருவி தாரா யோசோ என்ற கல்வியாய்வாளர் 2005இல் எழுதியது. அமெரிக்காவின் வெள்ளையர் அல்லாத சமூகங்களிலிருந்து வரும் மாணவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, அவர்கள் கொண்டுவரும் செல்வத்தைக் கல்லூரி எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். ஆறு வகையாக அவர் பிரித்ததை நான் கேள்விகளாக மாற்றி மாணவர்களிடம் கொடுப்பது வழக்கம். இன்று வசதியில்லாவிட்டாலும் நாளை இப்படி ஆகவேண்டும் என்ற கனவை உங்களுக்கு ஊட்டியது யார்? எத்தனை மொழியில், எத்தனை விதமான பேச்சில் உங்களால் புழங்க முடியும்? குடும்பத்தாரைப் பார்த்தே கற்றுக்கொண்டது எது? இக்கட்டில் உங்களுக்குக் கைகொடுக்கும் ஆட்கள் யார் யார்? உங்களை மனதில் வைத்துக் கட்டப்படாத இடங்களுக்குள் நுழைந்து வேலையை முடித்துவர எப்படிக் கற்றீர்கள்? அநியாயம் என்று தோன்றியதை எதிர்த்து நின்றது எப்போது?

இரண்டாவது கேள்விக்கும் ஐந்தாவது கேள்விக்கும் வரும் பதில்கள் மிகவும் செறிவாக இருக்கும். பத்து வயதிலிருந்து பெற்றோருக்காக மருத்துவமனையிலும் வங்கியிலும் மொழிபெயர்த்துப் பழகிய மாணவி, "எனக்கு அந்த மொழி சரியா வராது" என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். ஒரு மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியை அம்மா தாங்கும்படி எப்படி மாற்றிச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பு, பொறுப்பு, இரக்கம் மூன்றும் ஒரே நிமிடத்தில் நடந்திருக்கும். அவருக்கு அது திறமையாகத் தோன்றியே இருக்காது.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கை. யாரும் ஒற்றை அடையாளம் அல்ல. கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், கறுப்பினப் பெண்களின் வழக்குகள் நீதிமன்றத்தில் எப்படித் தோற்றன என்று விளக்கினார். இனப் பாகுபாட்டைத் தனியாகவும் பாலினப் பாகுபாட்டைத் தனியாகவும் பார்த்த நீதிமன்றங்களுக்கு, இரண்டும் ஒரே ஆள் மேல் சேர்ந்து விழுவது தெரியவில்லை. கல்லூரிகளும் அப்படித்தான் பார்க்கின்றன. மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்கு ஒரு கதை, முதல் தலைமுறை மாணவர் சங்கத்துக்கு ஒரு கதை என்று உங்களை வெட்டிக் கேட்பார்கள். பார்வையற்ற மாணவர் தன் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகவும் இருப்பார், சதுரங்கப் பைத்தியமாகவும் இருப்பார். சதுரங்கத்தைப் பற்றி மட்டும் சொல்ல அவர் விரும்பினால், அதுவும் அவருடைய முழுக் கதைதான்.

ஒரு காட்சியைப் பிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஒரு இடம், ஒரு நேரம், நடந்தது ஒன்று. வேற்றுமையை எடுத்துக்காட்டுகிறேன். இரண்டும் நான் எழுதியவை, யாருடைய கதையும் அல்ல. புதிதாக எழுதுபவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எனக்குக் கேட்கும் திறன் குறைவு. கல்லூரி வாழ்க்கை மிகவும் சவாலாக இருந்தது. பல தடைகளைச் சந்தித்தேன். ஆனாலும் மனம் தளராமல் போராடி வெற்றி பெற்றேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதே மாணவி ஒரு காட்சியைப் பிடித்தால்:

"இயற்பியல் வகுப்பில் எனக்கு எப்போதும் முதல் வரிசையில் இடது ஓரம். வலது காதில் கொஞ்சம் கேட்கும். பேராசிரியர் எங்களைப் பார்த்துப் பேசும்வரை பிரச்சினை இல்லை. பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். அப்போது உதடும் போய்விடும், பாடமும் போய்விடும். ஒருநாள் அப்படித் திரும்பியிருந்தபோது ஏதோ சொன்னார், வகுப்பே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் அதைக் கவனித்துவிட்டாள். அவர் சொன்னதை என் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். எழுத்தில் பார்த்தபோது அது அவ்வளவு நன்றாக இல்லை. நாங்கள் இருவரும் அதற்காகவே சிரித்தோம்."

இரண்டாவதில் 'சவால்' என்ற சொல்லே இல்லை. வலி இருக்கிறது, தோழி இருக்கிறாள், கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. இதைக் கேட்கும் எந்த ஆசிரியருக்கும், மறுநாள் காலை வகுப்பில் தான் என்ன மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்: எழுதும்போது பேசாதே, மாணவர் பக்கம் திரும்பிப் பேசு. முதல் பத்தியைக் கேட்டவர் கைதட்டுவார், இரண்டாவதைக் கேட்டவர் பழக்கத்தை மாற்றிக்கொள்வார். கதை நுணுக்கமாக இருக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவது அழகுக்காக மட்டுமல்ல.

எழுத உட்காரும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? கையில் என்ன இருந்தது? யார் என்ன சொன்னார், அவர் சொன்ன அதே சொற்களில்? அப்போது என் உடம்பில் என்ன நடந்தது? பிறகு, எழுதியதில் சவால், தடை, போராட்டம், சாதனை, தன்னம்பிக்கை போன்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு காட்சி ஒளிந்திருக்கும். சொல்லை எடுத்துவிட்டுக் காட்சியை வையுங்கள்.

யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் தடுமாறினால், அடுத்த ஆண்டு சேரப்போகும், உங்களைப் போன்ற ஒருவரை நினைத்து எழுதுங்கள். கிரகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். 'நான் இந்த இடத்துக்குரியவன்தானா' என்ற சந்தேகம் ஆரம்பத்தில் பலருக்கும் வரும், காலப்போக்கில் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் புதியவர்கள் படித்தார்கள். பிறகு தங்கள் அனுபவத்தை, வருங்கால மாணவர்களுக்குச் சொல்வதுபோல் எழுதிப் பேசினார்கள். சுமார் ஒரு மணி நேர வேலை. அதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது. உதவி வாங்குபவராக இல்லாமல் உதவி செய்பவராக எழுதும்போது பேனா வேறு மாதிரி ஓடும்.

முடிவில் வெற்றிக்கொடி ஏற்ற வேண்டியதில்லை

இன்னும் முடியாத கதையை முடியாததாகவே சொல்லலாம். "இப்போதும் அந்த வகுப்பில் எனக்குப் பாதிதான் புரிகிறது" என்று நிறுத்துவது நேர்மையான முடிவு. கேட்பவர்கள் சங்கடப்படட்டும். அந்தச் சங்கடம் அவர்களுடைய வேலை.

ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. சக்கர நாற்காலியில் இயங்கிய அவர், நகைச்சுவைக் கலைஞர், பத்திரிகையாளர், செயற்பாட்டாளர். அவருக்குப் பதினைந்து வயதானபோது உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஒரு சாதனை விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்க விரும்புவதாகச் சொன்னார். பெற்றோருக்கு ஒரே குழப்பம், ஏனென்றால் அவர் எதையும் சாதித்திருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும்போலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளை மற்றவர்கள் தங்களுக்கு உத்வேகம் ஊட்டிக்கொள்ளும் பண்டமாக ஆக்குவதை அவர் கடுமையாக எதிர்த்தார். உங்களை யாராவது "எங்க எல்லாருக்கும் நீங்க ஒரு முன்மாதிரி" என்று அறிமுகம் செய்தால், அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அறிமுக வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

எந்த வடிவில் சொல்வது

எழுத்துதான் வேண்டும் என்று ஒன்றுமில்லை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் தொடங்கிய டிஜிட்டல் கதைசொல்லல் முறை இன்று உலகெங்கும் கல்லூரிகளில் புழங்குகிறது. சொந்தக் குரலில் பதிவு செய்த சிறு உரை, கூடவே சில புகைப்படங்கள், மொத்தம் இரண்டு மூன்று நிமிடம். அதிலும் முதலில் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொள்வார்கள், இதற்குக் கதை வட்டம் என்று பெயர், கணினி பிறகுதான். எழுதப் பிடிக்காதவர்களுக்குப் புகைப்படம் நல்ல வழி. கேரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990களில் சீனாவின் யூனான் மாகாணக் கிராமப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்து, எடுத்த படங்களை வைத்து அவர்களையே பேசவைத்தார்கள். கல்லூரியிலும் அப்படியே செய்யலாம்: வளாகத்தில் 'இது எனக்கான இடம்' என்று தோன்றும் ஒரு படம், 'இல்லை' என்று தோன்றும் ஒரு படம். இரண்டு படமும் ஒரு வரி விளக்கமும் போதும்.

அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள மாணவர்களும் பல்கலைக்கழக வகுப்புகளில் உட்காரும் காலம் இது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987லேயே அதற்கான திட்டம் தொடங்கிவிட்டது. அவர்களுடைய கதையை அம்மாவோ ஆசிரியரோ சொல்லிவிடுவது எளிது, அதனாலேயே அடிக்கடி அப்படி நடக்கிறது. படங்கள், சிறு வாக்கியங்கள், தெரிவு செய்யும் அட்டைகள், கூடுதல் நேரம் இவற்றோடு அவரே சொல்லட்டும். துணையாக இருப்பவர் கேள்வி கேட்கலாம், பதிலை நிரப்பக் கூடாது. சொன்னதை அவருக்கே திரும்பப் படித்துக்காட்டி, "இதுதானா நீங்க சொன்னது?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

எந்த வடிவமானாலும் அது எல்லோருக்கும் எட்ட வேண்டும். காணொளிக்குத் துணையெழுத்து, படத்துக்கு எழுத்து விளக்கம், ஒலிப்பதிவுக்கு முழு எழுத்துப் பிரதி, கூட்டத்தில் மைக். "எனக்குச் சத்தமா பேச வரும், மைக் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மைக் பேசுபவருக்கு அல்ல, கேட்பவருக்கு.

கதை வட்டத்தை நடத்துபவர்களுக்கு

உங்கள் பொறுப்பு மாணவர்களுடையதைவிடப் பெரியது. கதைக்கு மதிப்பெண் போடாதீர்கள். வலிக்கு மதிப்பெண் இருக்கிறது என்று தெரிந்தால் மாணவர்கள் வலியைப் பெருக்கி எழுதுவார்கள், தப்பு அவர்கள் மேல் இல்லை. பாட விதிப்படி மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், வேறு தலைப்பில் எழுதும் வாய்ப்பையும் சம மதிப்பில் கொடுங்கள்.

எல்லோரிடமும் கேளுங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை, பேராசிரியரின் பிள்ளை, "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல மேடம்" என்பவர் உட்பட. சிலரை மட்டும் சொல்லவைத்து மற்றவர்களைப் பார்வையாளர்களாக உட்காரவைத்தால், எவ்வளவு அன்போடு செய்தாலும் அது கண்காட்சியாகிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். பேச்சுத் திக்குபவருக்கும், கருவி வழியாகப் பேசுபவருக்கும், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கும் மட்டும் கூடுதலாக. 'இன்று வேண்டாம்' என்று தாண்டிப் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்கக் கூடாது. முந்தைய நாளே கேள்வியை அனுப்பிவிடுங்கள், திடீரென்று கேட்டால் வேண்டாததையும் சொல்லிவிடுவார்கள். பேச்சு கனமாகப் போனால் யாரிடம் அனுப்புவது என்று, கல்லூரி மனநல ஆலோசகர் ஒருவரின் பெயரையாவது கையில் வைத்திருங்கள்.

டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ராஸ்கில்டே இசை விழாவில் தொடங்கிய மனித நூலகத்திலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மனிதரே 'புத்தகம்'. வாசகர் எதிரில் உட்கார்ந்து நேரடியாகக் கேள்வி கேட்பார். 'புத்தகம்' ஆவது அவரவர் விருப்பம், தலைப்பும் அவரவருடையது. கூச்சமான கேள்வியும் கேட்கலாம் என்ற ஏற்பாடு அங்கே செல்லுபடியாகக் காரணம், பதில் சொல்பவர் தன் சம்மதத்தோடு, அதற்கென்று தயாராகி வந்திருப்பதுதான். வகுப்பறையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அந்தச் சம்மதத்தை நீங்கள் வாங்கவில்லை.

கேட்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும். கதை முடிந்ததும் முதலில் வரும் சொற்கள் பெரும்பாலும் "நீங்க ரொம்ப தைரியசாலி" அல்லது "எனக்கும் இதே மாதிரி ஒரு தடவை..." இரண்டுமே கதையைச் சொன்னவரிடமிருந்து பிடுங்கிவிடுகின்றன. அதற்குப் பதிலாக, கேட்டதில் மனதில் நின்ற ஒரு விவரத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: "நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டியது எனக்கு நினைவில் நிற்கும்." கவனமாகக் கேட்டார்கள் என்று சொன்னவருக்குத் தெரிய அது ஒன்றே போதும்.

ஒப்புதல்: ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை

வட்டத்தில் சொல்ல ஒப்புதல், ஒலிப்பதிவுக்கு ஒப்புதல், இணையத்தில் வைக்க ஒப்புதல், விளம்பரத்தில் பயன்படுத்த ஒப்புதல் ஆகிய நான்கும் வெவ்வேறு. தனித்தனியாகக் கேளுங்கள், தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். வெளியிடுவதற்கு முன் இறுதி வடிவத்தை மாணவருக்குக் காட்டுங்கள். இப்படி ஒரு உரையாடல் நடந்தால் நல்ல அறிகுறி:

"மேடம், அம்மா வேலை பத்தி சொன்ன பகுதியை எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம்மா. வேற ஏதாவது?"

ஏன் என்று கேட்காமல் இருந்ததுதான் அந்தப் பதிலின் சிறப்பு.

மாணவர்களே, புனைபெயரை முழுக்க நம்பாதீர்கள். துறையில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒரே ஆள் நீங்கள் என்றால், பெயரை மாற்றினாலும் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நிலையில் துறையையோ ஆண்டையோ ஊரையோ மாற்ற வேண்டியிருக்கும். பத்தாண்டு கழித்து வேலைக்கு எடுப்பவரோ, மணக்கப் போகிறவரோ, உங்கள் பிள்ளையோ தேடும்போது இது கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். இணையத்தில் வைத்ததை நீக்கக் கேட்கலாம், பகிர்ந்து பரவியதை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. அச்சானதை அறவே முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

சொன்ன பிறகு

அன்று மாலையும் மறுநாளும் உங்களுக்கு வெறுமையாக இருக்கலாம், ஏன் சொன்னோம் என்றுகூடத் தோன்றலாம். பலருக்கும் வருவது இது. சொல்லும் நாளன்று வேறு பெரிய வேலை வைத்துக்கொள்ளாமல், நம்பிக்கையான ஒருவரோடு இருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறொரு குழு அதே கதையைக் கேட்டு வந்தால் மறுக்கலாம். ஒருமுறை சொன்னதால் எப்போதும் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடமாட்டீர்கள். கதையை மாற்றியும் சொல்லலாம். முதலாண்டில் பெரிதாகத் தெரிந்தது மூன்றாமாண்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும், அப்போது கண்ணிலேயே படாத ஒன்று நடுவே வந்து நிற்கும்.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எல்லாக் கதைகளையும் மீண்டும் ஒருமுறை, இந்த முறை குறைகளைத் தேடிப் படியுங்கள். திறக்க முடியாத கதவு, மூன்று நகல் கேட்கும் படிவம், 'தந்தையின் தொழில்' என்று மட்டும் கேட்கும் விண்ணப்பம், மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும் நூலகம், பலகையைப் பார்த்துப் பேசும் பழக்கம். மாணவர்களின் அனுமதியோடு, பெயர்களை நீக்கி, இவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று குறியுங்கள். அந்தத் தாளை முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ நேரில் கொடுங்கள். தேதி வந்ததும், சொன்ன மாணவர்களுக்கு எது ஆயிற்று, எது ஆகவில்லை, ஏன் என்று எழுதுங்கள். ஒன்றுமே ஆகவில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்த வட்டத்துக்கு யாரையும் அழைப்பதற்கு முன்பே எழுதுங்கள்.